கியோத்தோ நகரத்து யாசகா திருக்கோயிலும் அதன் பருவ விழாக்களும்

(லேக் கார்டன்ஸில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஒசாகாவில் பணிபுரியும் என் மகளைக் காண ஜப்பானுக்குச் சென்று வந்தவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, "அந்த நாட்டைப் பற்றி ஏதேனும் பேசுக" என்று நம் செயலாளர் பணித்தார். ஒரு நாட்டைப் பற்றி அரைமணி நேரத்தில் பேசுவது என்பது கடலைக் கமண்டலத்தில் அடைக்கும் முயற்சி. ஆகவே ஒரே ஒரு கோயிலை எடுத்துக்கொண்டேன். கியோத்தோ நகரத்தில் உள்ள யாசகா என்னும் ஷிந்தோ திருக்கோயில் அது. அதன் ஆடித் திருவிழாவை அரசனும் நடத்தவில்லை, அறநிலையத் துறையும் நடத்தவில்லை. நம்மைப் போன்ற தெருக்காரர்கள் கூடி நடத்துகிறார்கள். நாம் படுகின்ற இடர்ப்பாடுகளில் பலவற்றை அவர்களும் பட்டிருக்கிறார்கள். அவற்றை எவ்வாறு சமாளித்தார்கள் என்பதே எனக்குச் சுவையாக இருந்தது.

ஜப்பானியர் கோயில் என்றவுடன் உங்களிற் பலர்க்கு நம் ஏரியின் அருகே லேக் ரோட்டில் இருக்கும் கோயில் நினைவுக்கு வரும். காலையும் மாலையும் முரசொலி கேட்கும் அந்தக் கோயில் நிப்போன்சான் மியோஹோஜி என்னும் பௌத்த சங்கத்தைச் சார்ந்தது. அச்சங்கத்தை நிறுவிய நிச்சிதாத்சு ஃபூஜி என்னும் துறவி 1931ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். கையில் ஒரு முரசு, வாயில் ஒரு மந்திரம்; வேறு உடைமை அதிகம் இல்லை. 1933இல் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகளின் ஆசிரம வழிபாட்டில் அந்த ஜப்பானிய மந்திரமும் இடம்பெற்றது. நம் பகுதிக் கோயில் 1935இல் எழுந்தது. ஏரிக்கு அப்பொழுது தாக்கூரியா ஏரி என்றே பெயர். 1958இல்தான் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாறியது. இத்தனை நாள் பக்கத்திலேயே குடியிருந்தும் உள்ளே சென்று பாராதவர்கள் ஒருமுறை சென்று பாருங்கள்.

ஆனால் நான் பேச வந்த கோயில் அந்த வகையன்று. பௌத்தம் நம் நாட்டிலிருந்து சீனம், கொரியா வழியாக ஜப்பானுக்குச் சென்ற சமயம். ஷிந்தோவோ அந்த மண்ணிலேயே முளைத்தது. அதற்குத் தோற்றுவித்த ஆசிரியர் எவரும் இல்லை. மலையில், அருவியில், முதிர்ந்த மரத்தில், பெருஞ்செயல் புரிந்து மறைந்த மனிதரில் உறையும் ஆற்றலை அவர்கள் 'கமி' என்று அழைக்கிறார்கள். ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி வணங்கிய நம் பாட்டிமார்க்கு இதனை விளக்க வேண்டிய தேவையே இராது. இவ்விரு நெறிகளும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரே வளாகத்தில் பின்னிப் பிணைந்து கிடந்தன. 1868இல் மெய்ஜி அரசு ஆணையிட்டு இரண்டையும் பிரித்தது. அதன்பின் இது பௌத்தக் கோயில், இது ஷிந்தோ கோயில் என்று பெயர்ப்பலகைகள் தனித்தனியாயின. மக்கள் மனம் அவ்வளவு எளிதில் பிரியவில்லை என்பது அங்கே போய்ப் பார்த்தால் விளங்கும்.

யாசகா கோயிலுக்கும் அந்த 1868ஆம் ஆண்டில்தான் இப்பெயர் நிலைத்தது. அதற்கு முன் 'கியோன்' கோயில் என்றே வழங்கிற்று. இன்றும் அந்தப் பேட்டைக்குக் கியோன் என்றே பெயர். இச்சொல்லின் பொருளைக் கேட்டபொழுது எனக்கு மெய்சிலிர்த்தது. சிராவஸ்தி நகரில் அனாதபிண்டிகர் என்னும் வணிகர், ஜேதன் என்னும் இளவரசனின் தோட்டத்தைப் பொற்காசுகளால் பரப்பி விலைக்கு வாங்கிப் புத்தர் பெருமானுக்கு அளித்தார் அல்லவா? அந்த ஜேதவனத்தின் ஜப்பானிய வடிவமே கியோன். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் இடிபாடாகக் கிடக்கும் ஒரு வனத்தின் பெயரை, இரண்டு கடல்களுக்கு அப்பால் ஒரு நகரத்தின் உயிர்நாடியான பேட்டை தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வனத்தைக் காத்த தெய்வமாக எருதுத்தலைத் தேவர் ஒருவரை அவர்கள் நம்பினார்கள். அவரையே தம் நாட்டுத் தெய்வமான சுசானோவுடன் ஒன்றாக்கி வழிபட்டார்கள். சுசானோ புயலின் கடவுள். எட்டுத் தலைப் பாம்பைக் கொன்று குஷினாதா என்னும் மங்கையை மீட்டு மணந்தவர். அவரும் அவர் தேவியும் எட்டு மக்களும் இன்று யாசகாவில் எழுந்தருளியிருக்கிறார்கள்.

கோயிலின் தோற்றம் 656ஆம் ஆண்டு என்பது தலபுராணச் செய்தி. கண்ணால் காண்பதைச் சொல்கிறேன். நகரின் பெருவீதியாகிய ஷிஜோ கிழக்கு நோக்கிச் சென்று முடியும் இடத்தில், படிக்கட்டுகளின்மேல் செந்நிற வாயில் ஒன்று நிற்கிறது. 1497இல் கட்டியது. உள்ளே இருக்கும் மூலக்கோயில் 1654இல் எழுந்தது. கருவறையும் வழிபாட்டு மண்டபமும் ஒரே பெருங்கூரையின் கீழ் அமைந்தமை இதன் தனிச்சிறப்பு. 2020இல் அதனைத் தேசியச் செல்வமாக அந்நாட்டு அரசு அறிவித்தது. கல்லாலான நம் கோயில்களைக் கண்டு பழகியவர்க்கு மரக்கோயிலின் அழகு முதலில் பிடிபடாது. மரத்தின் மணம், பட்டைக் கூரையின் வளைவு, கூழாங்கல்லின்மேல் நடக்கும் ஓசை, இவை மெல்ல மெல்லத்தான் மனத்தில் இறங்குகின்றன.

வழிபடும் முறை எளிது. வாயிலருகே நீர்த்தொட்டியில் மூங்கில் அகப்பையால் மொண்டு முதலில் இடக்கை, பிறகு வலக்கை, பிறகு வாய் என்று தூய்மை செய்துகொள்ள வேண்டும். சந்நிதியில் காசு இட்டு, மணிக்கயிற்றை அசைத்து, இருமுறை தலைதாழ்த்தி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை தலைதாழ்த்த வேண்டும். அவ்வளவே. உருவத் திருமேனி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எவரும் எட்டிப் பார்ப்பதுமில்லை. "சாமியைச் சரியாகப் பார்க்க முடியவில்லையே" என்று என் மனைவியார் குறைப்பட்டார். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவதும் வெட்டவெளிதானே என்றேன்.

இனி ஒரு கதை. பயணம் சென்ற கடவுள் ஒருவர் பொழுது சாய்ந்த வேளையில் ஓர் ஊரில் தங்க இடம் கேட்டார். செல்வனான தம்பி கதவைச் சாத்திவிட்டான். ஏழையான அண்ணன், சோமின் ஷோராய் என்பது அவன் பெயர், தினைத்தாளைப் பரப்பி இருக்கை தந்து தினைச்சோறு இட்டான். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த கடவுள் தாம் சுசானோ என்று வெளிப்படுத்தி, "உன் வீட்டார் இடுப்பில் நாணற்புல் வளையம் அணிக, கொள்ளைநோய் அவர்களைத் தீண்டாது" என்று வரம் அளித்தார். இன்றும் கியோத்தோ வீடுகளில் வாயில்மேல் மூங்கில் இலையால் சுற்றிய ஒரு சிறு கட்டுத் தொங்கும். "நாங்கள் சோமின் ஷோராயின் வழிவந்தவர்கள்" என்று அதில் எழுதியிருக்கும். ஓராண்டு முழுவதும் அது அங்கேயே இருக்கும். நாம் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவது போல. வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்தவன் குலம் தழைத்தது என்னும் கதையை, ஏதோ ஒரு தலைமுறையில் ஹௌரா நிலையத்தில் தகரப் பெட்டியுடன் வந்து இறங்கி, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் முதல் இரவைக் கழித்தவர்களின் பிள்ளைகளாகிய நாம் எளிதில் கடந்துவிட முடியாது.

அன்பர்களே! இக்கோயிலின் பெருவிழா பிறந்ததும் கொள்ளைநோயினால்தான். 869ஆம் ஆண்டில் நாடெங்கும் நோய் பரவியது. அன்றைய ஜப்பானில் இருந்த 66 மாநிலங்களைக் குறிக்க 66 ஈட்டிகளை நட்டு, கியோன் தெய்வத்தை எழுந்தருளச் செய்து நோய் தணிய வேண்டினார்கள். சில காலத்துக்கெல்லாம் அது ஆண்டு விழாவாயிற்று. வெப்பம் மிகுந்த காலம், மழை நீர் தேங்கும் காலம், நோய் பரவும் காலம். அந்தக் காலத்தில் நாம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். வங்காளியர் சீதலா தேவியை வேண்டுகிறார்கள். கியோன் விழாவின் முதல் ஊர்வலம் ஜூலை 17. நான் சென்ற 2023ஆம் ஆண்டில் அந்த நாள் சரியாக ஆடி முதல் நாளாக அமைந்தது. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதாக நான் சொல்லவில்லை. நோய்க்கு அஞ்சிய மனிதன் எங்கும் ஒரே வகையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறான்.

விழா ஜூலை மாதம் முழுவதும் நடக்கிறது. அதன் நடுநாயகம் தேரோட்டம். முதல் ஊர்வலத்தில் 23, ஜூலை 24 அன்று இரண்டாம் ஊர்வலத்தில் 11, ஆக 34 தேர்கள். பெரியவை ஏறத்தாழ 25 மீட்டர் உயரமும் 12 டன் வரை எடையும் உள்ளவை. சக்கரம் ஓர் ஆளுக்கு மேல் உயரம். இவற்றை ஆணி அடிக்காமல், வைக்கோற் கயிற்றினாலேயே கட்டி நிறுத்துகிறார்கள். கயிறு கட்டும் அந்த வேலைப்பாட்டைக் காணவே தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். தேரின் நடுத்தட்டில் குழலும் முரசும் வெண்கலத் தாளமும் கொண்ட இசைக்குழு அமர்ந்திருக்கும். "கொன் சிக்கி சின்" என்று அந்தத் தாளத்தை அவ்வூர்க் குழந்தைகள் வாயாலேயே சொல்லிக் காட்டுகிறார்கள்.

தேர் திரும்பும் காட்சியைச் சொல்லாமல் விடமுடியாது. நம் தேரைப் போலவே அவர்கள் தேருக்கும் அச்சு திரும்பாது. நாம் முட்டுக்கட்டை போட்டுச் சக்கரத்தை ஒடித்துத் திருப்புகிறோம். அவர்கள் தெருமுனையில் பிளந்த மூங்கிலைப் பரப்பி, அதன்மேல் நீரைக் கொட்டி, சக்கரத்தை அதில் ஏற்றி, வடத்தைப் பக்கவாட்டில் இழுத்து வழுக்க விடுகிறார்கள். ஒரே இழுப்பில் முடியாது. மூன்று நான்கு முறை ஆகும். ஒவ்வொரு முறையும் முன்தட்டில் விசிறியுடன் நிற்பவர் குரல் கொடுக்கிறார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. திருவாரூரில் ஆழித்தேர் வீதி திரும்புவதைக் கண்டவர்க்கு அந்தக் கணத்தின் துடிப்புத் தெரியும். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதையே மறந்தேன்.

முதலில் செல்லும் நகினாத்தா தேரில் மட்டும் பத்து வயதளவில் ஒரு சிறுவன் தெய்வத்தின் தூதனாக வீற்றிருக்கிறான். அன்று அவன் கால் மண்ணில் படக்கூடாது; ஆள் தோளில் தூக்கித்தான் தேரில் ஏற்றுகிறார்கள். வீதியின் குறுக்கே கட்டிய கயிற்றை அவன் வாளால் வெட்டியபிறகே ஊர்வலம் நகரும். மற்றப் பெரிய தேர்களிலும் முற்காலத்தில் சிறுவர்கள் இருந்தனர். இப்பொழுது பொம்மைகள் இருக்கின்றன. அந்த முதல் தேரில் பெண்கள் ஏறக்கூடாது என்ற கட்டுப்பாடும் இன்றளவும் இருக்கிறது. வேறு சில தேர்களில் பெண்கள் இசைக்குழுவிலேயே அமர்ந்து வாசிக்கிறார்கள். பின்னதே எனக்கு உவப்பாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இத்தனை ஆரவாரமும் உண்மையில் முன்னோட்டமே. வீதியைத் தூய்மை செய்வதே தேர்களின் வேலை. மாலையில்தான் தெய்வங்கள் மூன்று பல்லக்குகளில் கோயிலை விட்டுப் புறப்பட்டு, ஷிஜோ வீதியில் உள்ள தங்கு மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார்கள். ஒரு வாரம் அங்கே தங்கி 24ஆம் நாள் திரும்புகிறார்கள். கல்கத்தாவாசிகளாகிய உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? ரத யாத்திரையும் உல்டோ ரத்தும் நம் வாயிலிலேயே நடக்கின்றனவே! சீராம்பூரை அடுத்த மாஹேஷ் தேரைக் கண்டவர்கள், அதே ஆனி ஆடிக் காலத்தில் அங்கும் தெய்வம் ஒரு வாரம் வெளியூர் செல்வது போல் சென்று திரும்புவதை எண்ணிப் பார்க்கலாம்.

தேர்களை அணிசெய்யும் துணிகளைப் பற்றிச் சிறிது நேரம் தங்க விரும்புகிறேன். இந்தத் தேர்களை நடமாடும் அருங்காட்சியகம் என்பார்கள். ஒரு தேரின் முகப்பில் பதினாறாம் நூற்றாண்டுப் பெல்ஜிய நாட்டுச் சித்திரத் திரை தொங்குகிறது. அதில் இருப்பதோ விவிலியக் கதை. ரெபெக்காள் கிணற்றடியில் வழிப்போக்கனுக்கு நீர் வார்க்கும் காட்சி. கிறிஸ்தவ சமயத்துக்குக் கடுந்தடை இருந்த காலத்திலும் அது தேரில் உலா வந்தது! மற்றத் தேர்களில் பாரசீகக் கம்பளம், சீனப் பட்டு, நம் இந்தியக் கம்பளம். தெற்குக் கன்னோன் தேருக்கு உரிய சாயத்துணி ஒன்று இந்தியாவில் செய்தது; அதில் 1684ஆம் ஆண்டு குறித்திருக்கிறது.

இந்தத் துணிகள் எப்படி அங்கே சென்றன? பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பான் அந்நியர்க்குக் கதவடைத்திருந்தது. ஐரோப்பியருள் ஒல்லாந்தர் மட்டும் நாகசாகித் துறைமுகத்தில் ஒரு சிறு தீவில் வாணிகம் செய்ய இசைவு பெற்றிருந்தனர். அவர்களுடைய சோழமண்டலக் கரைத் தலைமையிடம் நம் பழவேற்காடு. நம் நெசவாளரும் சாயக்காரரும் செய்த துணிகள் அவர்கள் கப்பலில் ஏறிக் கிழக்கே சென்றன. கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானிய மொழியில் 'சாந்தோமே' என்று ஒரு பெயர் உண்டு. மயிலாப்பூரை அடுத்த சாந்தோம்தான் அது! கியோன் பேட்டையின் பழைய வீடுகளில் மரச்சட்டங்களுக்குப் பூசும் செங்காவிக்கோ 'பெங்காரா' என்று பெயர். வங்காளம் என்பதிலிருந்து வந்தது. நம் தாய்நாட்டின் ஊர் ஒன்றும், நாம் பிழைக்க வந்த நாட்டின் பெயரும் அந்தத் தெருவில் அடுத்தடுத்து இருக்கக் கண்டேன். அன்றிரவு இதைத் தொலைபேசியில் என் அண்ணாவுக்குச் சொன்னேன். "அப்படியானால் நாம் எல்லாரும் முன்பே அங்கே குடியேறிவிட்டோம் என்று சொல்" என்றார்.

விழாக்கால வழக்கம் ஒன்று தாய்மார்களுக்காக. அந்த மாதம் கோயிலைச் சார்ந்த குடும்பங்களில் வெள்ளரிக்காய் உண்ணுவதில்லை. குறுக்கே நறுக்கினால் கோயிலின் முத்திரைபோல் தெரிகிறதாம். கோடையில் வெள்ளரிக்காய் இல்லாமல் இருப்பது எத்தகைய தியாகம் என்பதைக் கியோத்தோவின் வெயில் எனக்கு உணர்த்தியது. நம் கல்கத்தா ஜூலைக்கு அது சிறிதும் இளைத்ததன்று.

மற்றப் பருவ விழாக்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிப்ரவரித் தொடக்கத்தில் குளிர்காலம் முடிவதாகக் கணக்கு. அன்று வறுத்த அவரை விதைகளை வீசித் தீமையை ஓட்டுகிறார்கள். யாசகாவில் நாட்டிய மங்கையர் வீசும் விதைப் பொட்டலங்களைப் பிடிக்கப் பெருங்கூட்டம். வசந்தத்தில் கோயிலை ஒட்டிய மாருயாமா பூங்காவில் செர்ரி மரம் பூத்துத் தொங்கும். ஜூலை 31ஆம் நாள், கோயிலுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு சந்நிதியில், நாணற்புல்லால் கட்டிய ஆளுயர வளையத்தினூடே நுழைந்து செல்வதோடு கியோன் விழா நிறைவுபெறும். அந்தச் சந்நிதி சோமின் ஷோராய்க்கு உரியது. டிசம்பர் 31 இரவு நடப்பது இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். கோயிலில் வளர்த்த புனிதத் தீயிலிருந்து மூங்கில் நாரால் முறுக்கிய கயிற்றில் நெருப்பைப் பற்றவைத்துக்கொண்டு, அணையாமல் சுழற்றிக்கொண்டே வீட்டுக்கு நடந்து செல்வார்கள். புத்தாண்டுக் காலையின் முதல் சமையலுக்கு அந்த நெருப்பே அடுப்பு மூட்டும். நான் அதனை நேரில் காணவில்லை. என் மகள் கண்டு எழுதினாள். நகர் முழுவதும் மின்மினிகள் நடப்பது போல் இருந்ததாம்.

இப்பொழுது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

இவ்விழா ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டாக நடக்கிறது என்றேன். இடையறாமல் நடந்தது என்று சொல்லவில்லை. 1467இல் மூண்ட உள்நாட்டுப் போரில் கியோத்தோ நகரமே சாம்பலாயிற்று. 33 ஆண்டுகள் விழா இல்லை. 1500இல் மீண்டும் தொடங்கினார்கள். 1533இல் அரசியல் குழப்பத்தைக் காரணம் காட்டிக் கோயில் விழாவை நிறுத்துமாறு மேலிடத்து ஆணை வந்தது. அப்பொழுது தெருக்காரர்கள் கூடி, கோயிலின் சடங்கு நடக்காவிட்டாலும் போகட்டும், எங்கள் தேர்களை நாங்கள் ஓட்டியே தீருவோம் என்று விண்ணப்பித்தார்கள். விழா எவர்க்கு உரியது என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது. ஒவ்வொரு தேரும் ஒரு தெருவுக்குச் சொந்தம். கட்டுவதும் காப்பதும் செலவிடுவதும் அந்தத் தெருவாரின் கடமை.

கப்பல் வடிவான ஒரு தேர் 1864ஆம் ஆண்டுத் தீயில் எரிந்தது. எரியாமல் மீட்ட தெய்வத் திருமேனியையும் அணிகளையும் அந்தத் தெருவார் ஆண்டுதோறும் விழா நாளில் ஒரு வீட்டில் அலங்கரித்து வைத்தார்கள். தேர் இல்லை, தேர்நாள் உண்டு. இப்படி 150 ஆண்டுகள்! 2014இல் அந்தத் தேர் மீண்டும் வீதிக்கு வந்தது. தாகா என்னும் மற்றொரு தேர் 1826இல் புயல்மழையில் சிதைந்தது. 2022இல், 196 ஆண்டுகளுக்குப் பிறகு, திரும்பியது. இடையில் எத்தனை தலைமுறை! தம் வாழ்நாளில் அத்தேர் ஓடுவதைக் காணமாட்டோம் என்று நன்கு அறிந்தவர்கள், ஆண்டுதோறும் அந்தப் பொம்மைகளைத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

2020இல் கொரோனா வந்தபொழுது தேரோட்டம் நின்றது. தெருக்களின் பிரதிநிதிகள் புனித மரக்கிளையை ஏந்தி நடந்து சென்று தங்கு மண்டபத்தில் வணங்கினார்கள். 2021லும் தேர் ஓடவில்லை. ஆயினும் சில தெருவார் தேரைக் கட்டி நிறுத்திப் பிரித்தார்கள். ஏன் வீண்வேலை? கயிறு கட்டும் கை இரண்டாண்டு சும்மா இருந்தால் மறந்துவிடும் என்பதற்காக.

மற்றொரு செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. வீதிப் போக்குவரத்து, வருவோர் வசதி முதலியவற்றைக் கருதி 1966இல் இரண்டு ஊர்வலங்களையும் ஜூலை 17 என்ற ஒரே நாளில் இணைத்துவிட்டார்கள். தெய்வம் புறப்படும் நாளின் தேர்களும் திரும்பும் நாளின் தேர்களும் ஒன்றாக ஓடின. வசதியாகத்தான் இருந்தது. ஆனால் விழாவின் பொருள் கெட்டது. திரும்பி வரும் தெய்வத்துக்கு முன் செல்லத் தேர் இல்லை. 2014இல் மீண்டும் இரண்டாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டுப் பழக்கத்தை மாற்றினார்கள். செலவு கூடிற்று, போக்குவரத்து இருநாள் நின்றது, செய்தார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? தைப்பூசம் செவ்வாய்க்கிழமை வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுகிறோம். பங்குனி உத்திரத்தையும் அவ்வாறே. ஞாயிறு விழாவில் கூட்டம் வருகிறது, உண்மை. நாள் போய்விடுகிறதே! பத்துப் பேராயினும் உரிய நாளில் விளக்கேற்றி, பிறகு ஞாயிற்றுக்கிழமை அனைவரும் கூடினால் என்ன? இதைச் செயற்குழுவின் முன் வைக்கிறேன். எதிர்ப்பு வரும் என்பது தெரியும்; செயலாளரின் புன்னகையிலேயே தெரிகிறது.

கியோத்தோவின் நடுவூரிலும் மக்கள் குறைந்துவிட்டார்கள். தேர்த் தெருக்களில் இப்பொழுது அலுவலகங்களும் வங்கிகளும் நிறைந்திருக்கின்றன. பழங்குடிகள் புறநகர் சென்றுவிட்டனர். வடம் பிடிக்க ஆள் இல்லை. என்ன செய்தார்கள்? கல்லூரி மாணவரை அழைத்தார்கள், அயல்நாட்டாரையும் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாக எழுந்த அடுக்குமாடிகளில் குடியேறியவர்களைக் கயிறு கட்டப் பழக்கினார்கள். நான் நின்றிருந்த இடத்தைக் கடந்த ஒரு தேரின் வடத்தை, பொன்னிற முடியுடைய இளைஞர் இருவர் வைக்கோற் செருப்பு அணிந்து இழுத்துச் சென்றார்கள். முதியவர் ஒருவர் அவர்களுக்குக் காலடியைத் திருத்திக்கொண்டே உடன் நடந்தார்.

நம் நிலையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் மல்லிகைச் சரமும் இன்றும் கிடைக்கின்றன. வாங்கும் தமிழ்க் குரல்கள் குறைந்துவிட்டன. நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிட்டார்கள். வீட்டை விற்றுவிட்டுப் போகும் குடும்பம் ஒவ்வொன்றும் கொலுப் பொம்மைகளை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் பண்ருட்டியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வைக்கோல் பொதிந்து, மெயில் வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பொம்மைகள் அவை. அவற்றைச் சங்கத்துக்குத் தாருங்கள். எந்த வீட்டுப் பொம்மை, யார் எந்த ஆண்டில் கொண்டுவந்தது என்று ஓர் ஏட்டில் எழுதிவைப்போம். வரும் நவராத்திரிக்கு இந்தக் கூடத்தில் ஒன்பது படி கட்டுவோம். அந்த நாட்களில் நகரமே துர்க்கா பூஜையில் மூழ்கியிருக்கும். நம் அடுத்த வீட்டு வங்காளிப் பெண்கள் பந்தல் பந்தலாகச் சுற்றுவார்கள். அவர்களையும் அழைத்துச் சுண்டல் கொடுத்து, படியில் ஒரு பொம்மையை அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லுவோம். அவர்கள் வீட்டுக் குழந்தை கிருஷ்ணநகர்க் களிமண் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தால் அதற்கும் ஒரு படியில் இடம் உண்டு. தேரில் பெல்ஜியத் திரை தொங்கலாமென்றால் கொலுவில் கிருஷ்ணநகர்ப் பொம்மை நிற்கலாம்.

படி கட்டும் முறை, எந்தப் பொம்மை எந்தப் படியில் என்ற வரிசை, மரப்பாச்சிக்குச் சேலை உடுத்தும் விதம், இவையெல்லாம் நம்மிடையே எண்பது வயதைக் கடந்த மூன்று நான்கு பாட்டிமார் கையில் இருக்கின்றன. அவர்கள் இன்று இரண்டாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு அவர்கள் இங்கு வர இசைந்திருக்கிறார்கள். அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரை அனுப்பிவைக்கும் பொறுப்பு உங்களுடையது. பெயர் கொடுக்க விரும்புவோர்க்காக வாயிலருகே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன்.

நாட்டியக் குழந்தைகள் சலங்கையைக் குலுக்கத் தொடங்கிவிட்டார்கள்.